புத்தகத்தைக் கெடுக்காமல் சரிசெய்வது: பொது நூலகப் பழுதுபார்ப்பு வேலைக்கு ஒரு முழு வழிகாட்டி

நூலக பைண்டிங் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது ஒன்றுதான். சிவப்பு ரெக்ஸின் அட்டை, மெஷினில் வெட்டித் தள்ளிய மூன்று ஓரங்கள், முதுகுப் பக்கம் துளைபோட்டு மேலிருந்து கீழாகக் குறுக்கே தைத்த சணல் மாதிரியான நூல், திறந்து வைத்துவிட்டுக் கையை எடுத்தால் பட்டென்று மூடிக்கொள்ளும் புத்தகம். கெட்டியாகத்தான் இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு வரியின் கடைசி எழுத்தும் மடிப்புக்குள் போயிருக்கும், முன்னட்டை ஓவியம் குப்பைக்குப் போயிருக்கும், அடுத்த தடவை பிரித்துச் சரிசெய்யலாம் என்றால் தைக்க ஓரமே மிஞ்சியிருக்காது. அதைப் பழுதுபார்ப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

நல்ல பழுதுபார்ப்புக்கு இரண்டே விதிகள். புத்தகம் இன்னும் பல கைகள் மாறத் தேவையான அளவுக்கு மட்டும் கைவைக்க வேண்டும். இன்று செய்ததை நாளை இன்னொருவர் பிரித்தெடுக்க முடிய வேண்டும். கீழே வரும் எல்லாமே இந்த இரண்டிலிருந்து கிளைத்ததுதான், ஒரு செய்முறை மறந்துபோனாலும் விதியை நினைவில் வைத்திருந்தால் போதும்.

1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்ததிலிருந்து நம்மூரில் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று ஒரு பெரிய வலை விரிந்திருக்கிறது. கீழே போகப்போக ஆள் குறையும். ஊர்ப்புற நூலகத்தில் திறப்பவர், அடுக்குபவர், பதிவு எழுதுபவர், பசை தடவுபவர் எல்லாம் ஒரே ஆளாக இருக்கலாம். ஆகவே பெரிய பட்டறை இல்லாமல், ஒரு மேசையும் சில கருவிகளும் இருந்தால் செய்யக்கூடியதையே எழுதுகிறேன்.

முதலில் பிரித்துப் போடுங்கள்

கிழிந்த புத்தகம் வந்தவுடன் பசையைத் தேடாதீர்கள். வந்ததையெல்லாம் நான்கு குவியலாகப் பிரியுங்கள்.

பத்து நிமிடத்தில் முடிகிற சில்லறை வேலை: ஒரு பக்கக் கிழிசல், கழன்ற ஒரு தாள், ஆடுகிற அட்டை. இவை முதல் குவியல். இதை அன்றன்றே முடித்துவிடுங்கள், ஏனென்றால் ஒரு தாள் கழன்ற புத்தகம் இரண்டு வாசகர் கைமாறினால் பத்துத் தாள் கழன்ற புத்தகமாகத் திரும்பி வரும். இரண்டாவது, மறுகட்டு தேவைப்படுகிறவை. மூன்றாவது, கடையில் இன்றும் புதிதாகக் கிடைக்கிற புத்தகங்கள். போட்டித் தேர்வு வழிகாட்டி நூல் பிய்ந்து வந்தால் அதற்கு ஒரு நாள் செலவழிப்பதில் அர்த்தமில்லை, புதிது வாங்கப் பட்டியல் போடுங்கள். நான்காவது குவியலைத்தான் ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டும்: பழையது, மறுபதிப்பு இல்லாதது, உள்ளூர்க்காரர் எழுதியது, நன்கொடையாக வந்த சிற்றிதழ்த் தொகுப்பு, ஊர்க் கோயில் மலர் போன்றவை. இவற்றில் ஒன்றும் செய்யாமல் பெட்டியில் வைப்பதே பெரும்பாலும் சரியான சிகிச்சை.

சந்தேகம் வந்தால் தாளைச் சோதியுங்கள். உள்ளே ஒரு பக்கத்தின் கீழ்மூலையை லேசாக முன்னும் பின்னும் மடித்துப் பாருங்கள். ஓரிரு மடிப்பிலேயே முறிந்தால் அந்தத் தாள் உள்ளுக்குள் செத்துவிட்டது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரக்கூழில் செய்து, படிகாரமும் குங்கிலியமும் சேர்த்துப் பதப்படுத்திய தாள்களில் இருக்கும் அமிலம் செய்கிற வேலை அது. அப்படிப்பட்ட தாளைத் தைத்தால் ஊசித் துளை வழியாகவே தபால்தலை மாதிரி கிழிந்து வரும். அதைத் தைக்காதீர்கள், ஒரு பெட்டி செய்து உள்ளே வையுங்கள்.

கையில் இருப்பது என்ன கட்டு?

தையல் கட்டா, ஒட்டுக் கட்டா? முதுகின் தலைப்பகுதியை மேலிருந்து பாருங்கள். தாள்கள் மடித்த கொத்துக் கொத்தாகத் தெரிந்தால் பாரம் பாரமாகத் தைத்தது; அப்படி மடித்த ஒரு கொத்துதான் ஒரு பாரம். தனித்தனித் தாள்கள் ஒரு பசைக் கட்டியில் நிற்பதுபோலத் தெரிந்தால் ஒட்டுக் கட்டு. இன்று வரும் தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பகுதி ஒட்டுக் கட்டுதான், நூலகத்துக்கு வரும் சிக்கலில் பாதியும் அதனால்தான்.

அடுத்தது கிரெய்ன், அதாவது தாளின் நார் ஓடும் திசை. தாளை மடிக்காமல் லேசாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்த வளைவுக் கோட்டுக்கு இணையாக நார் ஓடுகிறது. புத்தகத்தில் பயன்படுத்தும் ஒவ்வொரு பொருளிலும், அது ஒட்டுத்தாளோ அட்டையோ துணியோ, நார் முதுகுக்கு இணையாக மேலும் கீழுமாக ஓட வேண்டும். மாறிப்போனால் பசை ஈரம் பட்டதும் தாள் எதிர்த் திசையில் விரிந்து அலையலையாகும், அட்டை வில்லாக வளையும். எவ்வளவு எடை வைத்தாலும் பிறகு நேராகாது.

கருவிகளும் பசையும்

பட்டியல் சிறியது. ஸ்டீல் ஸ்கேல், நல்ல கட்டர், குத்தூசி, தையல் ஊசிகள், முறுக்கான லினன் நூல் அல்லது தடித்த பருத்தி நூல், இரண்டு பிரஷ் (ஒன்று அகலம், ஒன்று மெல்லியது), தாளை மடித்துத் தேய்க்க ஓர் எலும்புக் கட்டை. அது கிடைக்காவிட்டால் மூங்கில் பட்டையை மழுமழுவென்று இழைத்துக்கொள்ளுங்கள். பட்டர் பேப்பர், மை ஒற்றும் தாள், இரண்டு சமமான பலகைகள், எடைக்குச் செங்கல் நான்கு (தாளில் சுற்றி வையுங்கள், பொடி உதிரும்). பழைய இரும்பு பிரஸ் எங்காவது மூலையில் துருப்பிடித்துக் கிடந்தால் அதை உயிர்ப்பித்துக்கொள்ளுங்கள், ஆயுசுக்கும் உழைக்கும்.

ஜப்பானியத் திசுத்தாள் கொஞ்சம் வாங்கி வையுங்கள். காகித மல்பெரி மரத்தின் நீண்ட நாரில் செய்வது, பார்க்கச் சிலந்தி வலை போலிருந்தாலும் இழுத்தால் விடாது. விலை உறுத்தும். ஆனால் ஒரு கிழிசலுக்கு விரலகலத் துண்டுதான் வேண்டும்.

செல்லோடேப் மேசையில் இருக்கவே கூடாது. அதன் பசை சில வருடங்களில் மஞ்சளாகி, தாளுக்குள் ஊறி, அடுத்த பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். பிறகு பிளாஸ்டிக் உதிர்ந்துவிடும், கறை மட்டும் நிற்கும்.

பசை இரண்டு வகை வேண்டும். தாளுக்கு மாவுப் பசை, முதுகுக்கும் துணிக்கும் வெள்ளைப் பசை, அதாவது பி.வி.ஏ. பெவிகால் போன்ற வெள்ளைப் பசை காய்ந்தபின் திரும்பக் கரையாது, எனவே எழுத்துள்ள பக்கத்தில் அதைத் தடவக் கூடாது. மாவுப் பசையோ ஈரம் காட்டினால் விட்டுவிடும்.

மாவுப் பசை காய்ச்சுவது இப்படி: ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். சிறு தீயில் கைவிடாமல் கிளறுங்கள். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி போன்ற பதம் வரும்போது இறக்கி, ஆறியதும் துணியில் வடிகட்டுங்கள். திசுத்தாள் வேலைக்கு அதையே தண்ணீர் விட்டு மோர் அளவுக்கு இளக்கிக்கொள்ளலாம். இதைவிட நல்லது கோதுமை மாவுச்சத்து. திருநெல்வேலி அல்வாவுக்குக் கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதேதான். பழம்புத்தகப் பாதுகாப்பில் வேலை செய்பவர்கள் தேடித்தேடி வாங்குவதும் அந்தச் சத்துதான், என்ன, அதில் சர்க்கரையும் நெய்யும் சேர்ப்பதில்லை.

நம் பைண்டர்கள் பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் போடுவது பழைய வழக்கம். பூச்சி வராது என்பது உண்மைதான், ஆனால் செம்பு உப்பு காலப்போக்கில் தாளையே அரிக்கும், தவிர அது விஷம். கொஞ்சமாகக் காய்ச்சிக் குளிர்பெட்டியில் வைத்து, புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். மைதா என்ன விலை விற்றுவிடப் போகிறது?

துடைத்தபின்தான் மற்றதெல்லாம்

அழுக்கோடு பசை தடவினால் அழுக்கு நிரந்தரமாகிவிடும். புத்தகத்தை இறுக மூடிப் பிடித்து, தலைப்பக்கத் தூசியை மென்மையான பிரஷ்ஷால் முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். பென்சில் கோடுகளை வெள்ளை ரப்பரால், ஒரே திசையில், நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து எடுங்கள்.

பூஞ்சை பிடித்திருந்தால் முதலில் நன்றாகக் காய விட்டு, அப்புறம் வெளியே கொண்டுபோய், முகக்கவசம் போட்டுக்கொண்டு துடையுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் உள்ளே தேய்த்துவிடுவீர்கள். காய வைப்பதற்கு வெயில் வேண்டாம், நிழலும் காற்றும் போதும். வெயில் அட்டை நிறத்தை வெளுத்துத் தாளை மஞ்சளாக்கும். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை மறுபடி வரும், ஆகவே அலமாரியைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போடுவதும் பழுதுபார்ப்பில் சேர்த்திதான்.

புழு துளைத்து, மாவாகப் பொடி கொட்டுகிறதா? பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 20 டிகிரி டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள், ஒரு முழுநாள் அப்படியே விட்டால்தான் வேர்க்கும் ஈரம் பையின் வெளிப்பக்கத்தோடு நிற்கும். ஐஸ்கிரீம் கடைக்காரர் நண்பராக இருப்பது இந்தத் தொழிலில் ஒரு சொத்து.

ஓர் எச்சரிக்கை. பழைய நூலகங்களில் அலமாரிக்குப் பூச்சிமருந்துப் பொடி தூவும் பழக்கம் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் புத்தகங்களில் பளிச்சென்ற பச்சைத் துணி அட்டை போட்ட சிலவற்றில் ஆர்சனிக் கலந்த நிறமி உண்டு. இந்த இரண்டு வகையையும் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், பச்சை அட்டையைத் தனிப் பையில் போட்டுக் குறிப்பெழுதி வையுங்கள். விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கத்தையும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

சில்லறை வேலைகள்

பக்கக் கிழிசல்: கிழிந்த இரு விளிம்பும் பெரும்பாலும் சரிவாக ஒன்றின்மேல் ஒன்று ஏறும். எது மேல், எது கீழ் என்று பார்த்துச் சேர்த்து, விளிம்பில் மட்டும் இளகிய மாவுப் பசை தொட்டு அழுத்துங்கள். அதன்மேல் திசுத்தாள் துண்டு. கத்தரிக்கோலால் வெட்டாமல், ஈரப் பிரஷ்ஷால் கோடிழுத்துப் பிய்த்தெடுங்கள், நார்நாராக நிற்கும் ஓரம்தான் தாளோடு கலந்து மறையும். மேலும் கீழும் பட்டர் பேப்பர், அதன்மேல் ஒற்றுத்தாள், பலகை, எடை. அரை மணியில் ஒற்றுத்தாளை மாற்றி, இரவு முழுக்க விடுங்கள்.

கழன்ற ஒற்றைத் தாள்: உள்விளிம்பில் 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு மட்டும் பசை. ஒரு வேண்டாத தாளை மேலே வைத்து அந்த 3 மில்லிமீட்டரை மட்டும் வெளியே விட்டுத் தடவினால் கோடு பிசகாது. அடுத்தடுத்து மூன்று நான்கு தாள்கள் கழன்றிருந்தால் ஒட்டிக்கொண்டே போகாதீர்கள், முதுகே விட்டுப்போகிறது என்று அர்த்தம்.

ஆடுகிற கெட்டி அட்டை: அட்டைக்கும் உள்கட்டுக்கும் (உள்ளே இருக்கும் தாள்களின் தொகுதி) நடுவில் முதுகோரம் ஒரு குழல் தெரியும். மெல்லிய பின்னல் ஊசியில் வெள்ளைப் பசையைத் தோய்த்து அந்தக் குழலுக்குள் விட்டு உருட்டி எடுங்கள். அட்டையைத் திறந்து உள்ளே பட்டர் பேப்பர் வைத்து மூடி, வெளியே கீல் பள்ளத்தில் எலும்புக் கட்டையால் அழுத்தி, ஒரு ராத்திரி பிரஸ்ஸில் விடுங்கள். பொது நூலகத்தில் அதிகம் பயன்படும் வித்தை இதுதான்.

ஸ்டேபிள் துருப்பிடித்த சிற்றிதழ், குழந்தைப் புத்தகம்: பின்னை இழுக்காதீர்கள், கால்களை நிமிர்த்தி வெளிப்பக்கமாக எடுங்கள். மடிப்பில் மூன்று துளை. ஊசியை உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே, மேல்துளை வழியே உள்ளே, நேராகக் கீழ்த்துளைக்குப் போய் வெளியே, மறுபடி நடுத்துளை வழியே உள்ளே. நூலின் இரு முனையும் அந்த நீளத் தையலின் இருபுறமும் நிற்கும்படி வைத்து, அதன்மேல் முடிச்சுப் போடுங்கள்.

பக்கம் காணாமல் போயிருந்தால், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் அதே பதிப்பு இருக்கிறதா என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள். கிடைத்தால் நல்ல தாளில் அச்செடுத்துச் சேர்த்து, ஓரத்தில் ‘நகல் பக்கம்’ என்று பென்சிலில் எழுதிவிடுங்கள்.

ஒட்டுக் கட்டு உதிர்ந்தால்

இதைத்தான் விரிவாகக் கற்றுக்கொள்ள வேண்டும். சூடாக உருக்கி ஊற்றிய பசை வறண்டு வெடித்து, நடுவில் இரண்டாகப் பிளந்த நாவல் உங்களிடம் வராத வாரம் இருக்காது. இதைப் பக்கவாட்டில் துளைபோட்டுத் தைப்பதுதான் வழக்கமான குறுக்குவழி, அதனால்தான் நம் நூலகப் புத்தகங்கள் திறக்க மறுக்கின்றன.

மேலட்டையைப் பத்திரமாகப் பிரித்தெடுங்கள். முதுகில் காய்ந்த பசையை உரியுங்கள், உரியாத இடத்தில் மட்டும் ஸ்கேல் வைத்து ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு முதுகை நறுக்கலாம், அதற்குமேல் வேண்டாம். பக்க எண்களைச் சரிபாருங்கள், இதைச் சோம்பலில் விட்டால் எல்லாம் முடிந்தபின் 96-க்கு அடுத்து 113 வரும். தாள்களைத் தட்டிச் சீராக்கி, இரண்டு பலகைக்கு நடுவில் முதுகு மேலே பார்க்க, இரண்டு சென்டிமீட்டர் வெளியே நீட்டும்படி பிடியுங்கள். முதுகை ஒரு பக்கமாகச் சாய்த்தால் தாள்கள் விசிறியாக விரியும், ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் மயிரிழை அளவு தெரியும். அதன்மேல் வெள்ளைப் பசையை மெல்லிசாக இழுங்கள். மறுபக்கம் சாய்த்து இன்னொரு தடவை. இப்போது ஒவ்வொரு தாளும் அடுத்த தாளை இரண்டு பக்கத்திலும் பிடித்திருக்கிறது. நிமிர்த்தி, முதுகைச் சதுரமாக்கி, வலைத்துணி ஒன்றை முதுகைவிட இருபுறமும் இரண்டு விரல் அதிகமாக வெட்டி ஒட்டி, இறுக்கி, ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள். பழைய மேலட்டையையே திரும்பப் போர்த்தலாம். காய்ந்த புத்தகத்தை மேசையில் திறந்து வைத்தால் கைவைக்காமலே திறந்து கிடக்கும். தையலில் ஓரம் துளியும் போகவில்லை, ஓவியமும் பிழைத்தது.

வழவழப்பான படத்தாள் புத்தகத்துக்கு இது அவ்வளவாக நிற்காது, தாள் பசையை உறிஞ்சாது. அதைத் தனி ரகமாக வையுங்கள்.

முழு மறுகட்டு

தையல் அறுந்து பாரங்கள் ஆடினால் பிரித்துத் தைக்க வேண்டும். நூலை உள்ளிருந்து அறுத்து, பாரம் பாரமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடு மடிப்பையும் பாருங்கள். பிய்ந்த மடிப்புக்குத் திசுத்தாள் பட்டை ஒட்டிக் காயவிடுங்கள். பழைய துளைகளையே பயன்படுத்துங்கள், முதுகில் ரம்பத்தால் அறுத்துப் புதிய துளை போடுவது பலருக்குப் பழக்கம், தேவையில்லை. முதுகுக்குக் குறுக்கே மூன்று துணி நாடா வைத்து, ஊசி ஓரத்துளையில் நுழைந்து மடிப்புக்குள் ஓடி, ஒவ்வொரு நாடாவையும் வெளியே சுற்றி உள்ளே வந்து, மறுகோடியில் வெளியேறி அடுத்த பாரத்துக்கு ஏறும். மூன்றாவது பாரத்திலிருந்து, கோடியில் வெளிவந்த நூலைக் கீழிரண்டு பாரத்துக்கு நடுவே விட்டுக் கண்ணியாக இழுத்து மேலேறுங்கள். நூல் தடித்தால் முதுகு ஊதும், மெலிந்தால் தாளை அறுக்கும், கையில் இழுத்துப் பார்த்துத்தான் பழக வேண்டும்.

அட்டைக் கணக்கு டெம்மி 1/8 புத்தகத்துக்குச் சொல்கிறேன், உள்கட்டு 21.5 சென்டிமீட்டர் உயரம், 14 அகலம் என்று வையுங்கள். அட்டை உயரம் 22.1, மேலும் கீழும் 3 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க. அகலம் 13.6. முதுகுப் பட்டை முதுகின் தடிமன் அளவு, அதற்கும் அட்டைக்கும் நடுவே இருபுறமும் 7 மில்லிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளிதான் கீல், அது குறைந்தால் அட்டை திறக்காது. துணி நான்கு பக்கமும் 2 சென்டிமீட்டர் கூடுதல். மஞ்சள் ஸ்ட்ரா போர்டு மலிவு, ஆனால் அமிலம் நிறைந்தது, நொறுங்கும். கிரே போர்டு வாங்குங்கள். ரெக்ஸினைவிடக் கேலிகோ துணி நல்லது. ஓரத்தை வெட்டாதீர்கள், கொஞ்சம் மேடுபள்ளமாக இருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. பழைய மேலட்டையைப் புதிய அட்டைமேல் ஒட்டிவிடுங்கள், குழந்தைகள் புத்தகத்தைத் தேடுவதே அட்டைப்படத்தை வைத்துத்தான்.

நூலகத்தின் அடையாளங்கள்

தனியார் புத்தகத்துக்கும் நூலகப் புத்தகத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கே வருகிறது. சேர்க்கை எண், முத்திரை, வகைப்பாட்டு எண், தேதிச் சீட்டு எதுவும் தொலையக் கூடாது. உங்கள் நூலகத்தின் ரகசியப் பக்கம், அதாவது சேர்க்கை எண்ணை மறைவாகக் குறித்து வைக்கும் உள்பக்கம், எது என்று நூலகரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, வேலை முடிந்ததும் அதில் எண் தெரிகிறதா என்று பாருங்கள். முதுகு லேபிளை மறுபடி எழுதும்போது பதிவேட்டைப் பார்த்து எழுதுங்கள், பழைய லேபிளைப் பார்த்து அல்ல. என்ன செய்தீர்கள், எந்தப் பசை, என்ன தேதி என்று ஒரு நோட்டில் வரிவரியாக வைத்திருந்தால் அடுத்து வருபவர் உங்களை வாழ்த்துவார்.

நனைந்துபோனால்

மழைக்காலத்தில் கூரை ஒழுகும், அது வருமென்று தெரிந்தே இருங்கள். நனைந்த தாளில் இரண்டு நாளில் பூஞ்சை கிளம்பும், ஆகவே முதல் நாளே எல்லாம். சொட்டச் சொட்ட இருப்பவற்றைத் திறக்காமல் தட்டையாக வைத்து வடியவிடுங்கள். ஓரளவு ஈரமானவற்றை நிறுத்தி விசிறியாகத் திறந்து, மின்விசிறிக் காற்று நேராகப் படாமல் ஓடவிட்டு, இடையிடையே ஒற்றுத்தாள் வைத்து மாற்றிக்கொண்டே இருங்கள். படத்தாள் புத்தகங்கள் காயக் காய ஒன்றோடொன்று கல்லாக ஒட்டும், அவற்றை முதலில் கவனியுங்கள், முடியாவிட்டால் பையில் கட்டி உறைய வையுங்கள். உறைந்தது கெடாது, அவகாசம் கிடைக்கும். 1966 நவம்பரில் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் ஆர்னோ ஆறு பெருகி அங்குள்ள தேசிய நூலகத்தை மூழ்கடித்தபோது பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் சேற்றிலிருந்து புத்தகம் புத்தகமாக எடுத்தார்கள். கைவைப்பதைக் குறைத்துக்கொள், செய்ததைத் திரும்பப் பிரிக்க முடியட்டும் என்ற எண்ணம் இத்தொழிலில் அழுத்தம் பெற்றது அதற்குப் பிறகுதான்.

கைவைக்கக் கூடாதவை

ஓலைச்சுவடி, கையெழுத்துப் பிரதி, 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு நூல். யாராவது பரணிலிருந்து கொண்டுவந்து தந்தால், சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி வைத்துவிட்டு நூலகர் மூலம் தஞ்சாவூர் சரசுவதி மகாலையோ சென்னை தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையோ கேளுங்கள். அங்கே இதற்கென்றே பயின்றவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் செய்யக்கூடியது ஒரு பெட்டி, ஒரு குறிப்பு, அவ்வளவுதான்.

பழுது வராமலிருக்க

பாதிச் சேதம் வாசகரால் வருவதில்லை. அலமாரியில் இறுக்கி அடுக்கியதும், முதுகின் தலையில் விரலைப் போட்டு இழுத்ததும், கிளைகளுக்கு அனுப்பும்போது சணல் கயிற்றால் நேரடியாகக் கட்டியதும்தான் காரணம். பக்கத்துப் புத்தகங்களை உள்ளே தள்ளிவிட்டு நடுமுதுகைப் பிடித்து எடுக்கச் சொல்லிக் கொடுங்கள். கட்டுக்கு மேலும் கீழும் ஓர் அட்டை வையுங்கள். புத்தகம் திரும்பி வரும் மேசையில் ‘பழுது’ என்று ஒரு தட்டு வைத்து, வாசகரிடம் ‘நீங்களே ஒட்ட வேண்டாம், எங்களிடம் சொல்லுங்கள்’ என்று எழுதிப் போடுங்கள். திட்டாமல் வாங்கிக்கொண்டால்தான் சொல்வார்கள்.

இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள் ஊரில் உள்ள பழைய பைண்டிங் கடையில் கொஞ்ச காலம் உட்காருங்கள். கைவேகமும் கத்தி பிடிக்கும் விதமும் அங்கேதான் வரும், ஓரம் வெட்டும் பழக்கத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். நூலகரிடம் கழிவு நீக்கம் செய்த புத்தகங்கள் சிலவற்றை முறைப்படி கேட்டு வாங்கி அவற்றில் பழகுங்கள். பிறகு வாசகர் வட்டத்திடமோ புரவலர்களிடமோ பேசி, முதலில் ஒரு நல்ல கட்டரும் ஒரு கட்டுத் திசுத்தாளும் கேளுங்கள். பிரஸ்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.